கிணற்று ஜாடியும் சுவர்க் கண்ணும்

பாரதியாரும் வ. வெ. சு. ஐயரும் புதுச்சேரியில் புகலடைந்து வாழ்ந்த காலத்தில், அவர்கள் வீட்டு வாயிலை நோக்கியிருப்பதே பிரிட்டிஷ் ஒற்றர்களின் உத்தியோகமாயிருந்தது. ஒரு சமயம் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி வெளிவந்தது. அதனுள் இராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. அவற்றை வீட்டார் வைக்கவில்லை, வைத்தவர்கள் வேறு. பயந்த மனிதராயின் இரவோடிரவாக அதனை எரித்துச் சாம்பலாக்கியிருப்பர். பாரதியாரோ, தாமே சென்று பிரெஞ்சு அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டுமென யோசனை கூறினார். அவ்வாறே செய்தனர். வீடு சோதிக்கப்பட்டது; ஆட்சேபகரமான ஒன்றும் அகப்படவில்லை. சூழ்ச்சி செய்தவரே ஊரைவிட்டு ஓட நேர்ந்தது.

இப்பழங்கதையை இப்பொழுது நினைவூட்டக் காரணமுண்டு. அன்றைய ஒற்றனுக்குத் திண்ணையே எல்லை. இன்றைய ஒற்றனோ கடுகளவு கண்ணாடித் துளையாகப் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் வந்துவிட்டான். 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கிய ஒரு விடுதியில், குளியலறை மின்செருகியில் பிளக் சரியாக உட்செல்லாதது கண்டு ஐயுற்ற ஒரு பெண்ணாலேயே, மறைத்து வைத்திருந்த காமிரா வெளிப்பட்டது. அப்பெண்கள் வாய்மூடி அறையைக் காலி செய்து போகவில்லை. போலீஸில் புகார் செய்தனர். விடுதி நடத்தியவன் கைதானான்.

இது பட்டணத்துச் சங்கதி, குன்னத்திற்கு என்ன என்று நேயர் கேட்கலாம். பருத்தியும் மக்காச்சோளமும் விளைவித்த பணத்தில் இத்தாலுகாவின் தந்தையர் தம் பெண்களைத் திருச்சிக்கும் சென்னைக்கும் படிக்கவும் வேலைக்கும் அனுப்புகின்றனர். அவர்கள் தங்குவது இத்தகைய விடுதிகளில்தான். மேலும், லப்பைக்குடிக்காடு முதலிய ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் காவலின்பொருட்டு வீட்டில் காமிரா வைக்க விரும்புவது இயல்பே. வாசலில் வைப்பதை யாரும் குறைகூறார். ஆனால் மனைவியும் தாயும் உலவும் உள்ளறையில், அவர்கள் அறியாமல் வைப்பதற்குக் காவல் என்ற பெயர் பொருந்தாது. கடையில் வாங்கியபோதிருந்த கடவுச்சொல்லையே மாற்றாது விட்டால், அக்காமிரா வழியே அந்நியனும் எட்டிப் பார்ப்பான் என்பதை எத்தனை பேர் சிந்திக்கின்றனர்?

கண்டுபிடிக்கும் முறை பெரிய வித்தையன்று. காமிரா எதுவாயினும் அதற்குக் கண் வேண்டும். நெடுநேரம் இயங்க மின்சாரம் வேண்டும். ஆகையால் கட்டிலையும் குளிக்குமிடத்தையும் நோக்கியிருக்கும் சுவர்க் கடிகாரம், சார்ஜர், மின்செருகி, பல்பு, புகையறி கருவி ஆகியவற்றை முதலில் நோக்குக. காரணமின்றி ஒரு சிறு துளை தென்பட்டால் ஐயுறுக. விளக்கணைத்து, டார்ச்சைக் கண்ணருகே பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், மறைந்த கண்ணாடி புள்ளியாக மின்னிக் காட்டும். இருளிலும் படம் பிடிக்கும் வகைகள் நம் கண்ணுக்குப் புலனாகாத ஒளியை வீசும். செல்போன் காமிரா வழியே நோக்கின் அது பல சமயம் வெளிறிய புள்ளியாகத் தெரியும். வைஃபையில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் அறியாத பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆயினும், தன்னுள்ளிருக்கும் சிறு அட்டையிலேயே பதிவு செய்யும் காமிரா இப்பட்டியலில் அகப்படாது. எல்லாம் செய்யும் என்று விற்கப்படும் செயலிகளை மட்டும் நம்பியிருத்தல் பேதைமை.

அகப்பட்டபின் என் செய்வது? இங்கேதான் கிணற்று ஜாடி நமக்கு உதவுகிறது. பிடுங்கி எறியற்க, உடைக்கற்க. இருந்த இடத்திலேயே புகைப்படம் எடுத்து, அறையைப் பூட்டி, போலீஸுக்குச் சொல்லுக. பெண்களுக்கு 181 என்ற எண்ணும் உண்டு. குடும்ப மானம் போய்விடும் என்று சாட்சியத்தை அழிக்கும் தகப்பனாரே குற்றவாளிக்குச் சிறந்த வக்கீலாகிறார். நாணவேண்டியவன் வைத்தவன், அகப்பட்டுக்கொண்ட பெண்ணல்ல.

சட்டம் இல்லாமலில்லை. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து நோக்குவதும் படம் பிடிப்பதும் 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவின்படி குற்றம்; முதல் தடவைக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. ஆண் பெண் எவரேயாயினும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவும் காக்கும். இரவில் போலீஸார் வீடு புகுந்து பார்க்கும் வழக்கத்தை 1962-லேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஆயினும் அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூற 2017 ஆகஸ்டு 24 வரை நாம் காத்திருக்க வேண்டியதாயிற்று. சர்க்காரின் ஒற்றனுக்கு எதிராகப் பெற்ற இவ்வுரிமை, வாடகை வாங்கும் ஒற்றனிடம் தோற்பதா?

பெண்கள் விடுதிகள் பதிவும் உரிமமும் பெறவேண்டுமென்று 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் விதிக்கிறது. பதிவு பெற்ற விடுதிகளின் ஜாபிதாவைக் குன்னம் தாலுகா ஆபீஸ் பலகையிலும், பெண்களை வெளியூருக்கு அனுப்பும் பள்ளிகளிலும் ஒட்டிவைக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்திற்கு முன்னரே இது நடைபெறுதல் அவசியம்.