33-வது ஆள்!

2006-ம் வருஷம். எய்ட்ஸ் தடுப்பூசியைச் சென்னையில் ஆரோக்கியமான ஆட்களுக்குப் போட்டுப் பரிசோதிக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் செய்தி. படித்த வேகத்தில், "நானும் பேர் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அதைவிடச் சீக்கிரம் சூடானாள் என் சகதர்மிணி.

"உங்களுக்கு எதுக்குங்க அந்த ஊசி?"

அந்த 'உங்களுக்கு'வில் ஒரு தனி அழுத்தம். எய்ட்ஸ் என்ற வார்த்தை வீட்டுக்குள் நுழைந்தால் போதும், ஆம்பிளையின் போக்குவரத்துக் கணக்கெல்லாம் ஆடிட்டுக்கு வந்துவிடும்! "வியாதி இல்லாதவங்க, வர்ற வாய்ப்பும் கம்மியா இருக்கறவங்கதான் வேணுமாம்" என்று சுருதியைக் குறைத்தேன்.

"சரி, ஊசியாலயே வந்துட்டா?"

நியாயமான கேள்வி. விசாரிக்கச் சேத்துப்பட்டுக்குப் போனேன். அங்கே இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தில்தான் (2011 முதல் அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஊசி. டி.பி. வந்தவர்களை சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டிய இடம் அது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும், சர்வதேச எய்ட்ஸ் தடுப்பூசி அமைப்பு ஒன்றும் கைகோத்திருந்தன.

ஊசியின் பெயர் டி.பி.சி.-எம்4. பெரியவர்கள் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்குமே, அந்த அம்மைப்பால் வைரஸின் தம்பிதான் இதற்கு வாகனம். கோழிக்கரு செல்களில் 500 தடவைக்கு மேல் வளர்த்து வளர்த்து, மனுஷ உடம்பில் பெருக முடியாத அளவுக்குப் பல்லைப் பிடுங்கிவிட்ட வைரஸ். அதற்குள் எச்.ஐ.வி.யின் சில ஜீன்களை மட்டும் ஒட்டவைத்திருந்தார்கள். அதுவும் நம் நாட்டில் அதிகம் பரவும் 'சி' வகை. முழு வைரஸ் உள்ளே கிடையாது, ஆகவே ஊசியால் எய்ட்ஸ் வர வழியே இல்லை.

வீட்டில் வந்து வெற்றிகரமாக ஒப்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மை யாரை விட்டது? "ஒரே ஒரு விஷயம். ஊசி போட்டுக்கிட்டவங்க ரத்தத்தை வழக்கமான டெஸ்ட் பண்ணினா, சில சமயம் எச்.ஐ.வி. இருக்கறதா காட்டலாம். அந்த டெஸ்ட் வைரஸைத் தேடாது, அதை எதிர்த்து உடம்பு தயார் பண்ற சரக்கைத்தான் தேடும். வேற டெஸ்ட் பண்ணி இல்லைன்னு காட்டிடலாம்..."

உள்ளறையிலிருந்து மாமியார் குரல்: "ரெண்டு பொண்ணு இருக்கற வீடு மாப்ளே. வரன் பார்க்க வர்றவங்க கிட்டயெல்லாம் வேற டெஸ்ட்டு வேற டெஸ்ட்டுன்னு சொல்லிட்டிருப்பீங்களா?"

அவ்வளவுதான். இந்தியாவில் இந்த நோய்க்கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல், இதே சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். 20 வருஷம் கழிந்தும் நோயைவிட அதன் பேருக்குத்தான் பயம் ஜாஸ்தி. மாமியாரைச் சொல்வானேன், எனக்கும் உள்ளூர அதே பயம்தான். நான் போகவில்லை.

32 பேர் போனார்கள். பெண்களும் உண்டு. முதல் நாள், ஒரு மாசம் கழித்து, ஆறாம் மாசம் என மூன்று ஊசிகள். சிலருக்கு மருந்தே இல்லாத டம்மி ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அதற்கப்புறம் மாசக்கணக்கில் வந்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலும் தோசைக்கல் காய்ந்திருக்கும், மாமியார் இருந்திருப்பார்!

ஊசி பாதுகாப்பானது, பெரும்பாலானவர்கள் உடம்பில் எதிர்ப்பும் உண்டாகிறது என்று முடிவு வந்தது. 2009-ல் சென்னை, புனே இரண்டு ஊரிலும் இன்னொரு 32 பேரிடம் நடந்த சோதனையில், சிலருக்கு இதை வேறொரு ஊசியோடு ஜோடி சேர்த்துப் போட்டார்கள். அதிலும் ஆபத்தில்லை. ஆனால், நோயைத் தடுக்கிறதா என்று தெரிய ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஊசி அந்தக் கட்டத்துக்குப் போகவே இல்லை.

போன ஊசிகளும் கரைசேரவில்லை. 1984-ல் அமெரிக்க சுகாதார மந்திரி மார்கரெட் ஹெக்லர், இரண்டு வருஷத்தில் தடுப்பூசி பரிசோதனைக்குத் தயாராகிவிடும் என்றார். தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய சோதனையில் சுமார் 31 சதவிகிதம் தடுத்தது என்று 2009-ல் முடிவு வந்தது. அதை நம்பித் தென்னாப்பிரிக்காவில் 5,400 பேரிடம் நடத்திய சோதனையை, பலனில்லை என்று 2020-ல் நிறுத்திவிட்டார்கள். பின்னே? நம் சினிமா ஹீரோ கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டாலே வில்லனுக்கு அடையாளம் தெரியாது. இந்த வைரஸ் மரு, தாடி, விக் என்று வேஷத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு, பிடிக்க வரும் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே புகுந்து ஏட்டய்யா நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் தொற்றாமல் காக்கும் லெனகாபவிர் ஊசி வந்திருக்கிறது. அது மருந்து, தடுப்பூசி அல்ல. நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். தடுப்பூசிக்கான இரண்டு பெரிய ஆராய்ச்சிக் குழுக்களுக்கு இனிப் பணம் கிடையாது என்று 2025-ல் அமெரிக்க அரசு கையை விரித்துவிட்டது.

நடுவில், 2021-ல் கொரோனா ஊசிக்காக நானும் மனைவியும் மணிக்கணக்கில் க்யூவில் நின்றோம். "ஏங்க, இதையும் யாராவது முதல்ல போட்டுக்கிட்டுத்தானே பார்த்திருப்பாங்க? அவங்க வீட்ல எப்படித்தான் விட்டாங்களோ!" என்றாள்.

நான் கையிலிருந்த டோக்கன் நம்பரை மறுபடி ஒரு தடவை படித்துக்கொண்டேன்.