'சோக்கு' வந்த வழி

"சாப்பாடு சோக்கு", "சோக்கான புடைவை" என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் அன்றாடம் சொல்கிறோம். ஆனால் மேடையில் யாராவது இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் சிரிப்பு எழுகிறது, கொச்சை என்கிறோம். வீட்டில் உம்மும்மா வாய் நிறையச் சொல்லும் சொல் எப்படிக் கொச்சையாகும் என்று எண்ணி, அதன் வரலாற்றைத் தேடினேன்.

இதன் வேர் அரபு மொழியின் 'ஷவ்க்'. ஏக்கம், பேராவல் என்பது அதன் பொருள். பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தபோது 'ஷௌக்' ஆகி, விருப்பத்தையும் பொழுதுபோக்கையும் குறித்தது. தமிழகத்தில் ஆடம்பரமாக உடுத்தித் திரிபவரை 'ஷோக்குப் பேர்வழி' என்று கேலி செய்தார்கள். இலங்கையிலோ அது பாராட்டாக நிலைத்தது: அழகும் சுவையும் நேர்த்தியும் சோக்கு. சிங்களவரும் 'ஷோக்' என்று இதே பொருளில் சொல்கிறார்கள். மனத்தின் ஏக்கத்தைக் குறித்த சொல், மனத்துக்குப் பிடித்த பொருளின் அழகைக் குறிக்கலாயிற்று.

இது புதுமையன்று. முன்பு நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று கெட்ட வாடை. 1839இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பத்திரிகையொன்று, 'எல்லாம் சரி' என்பதை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு சுருக்கி விளையாடியது. அந்த வேடிக்கைதான் இன்று உலகமெங்கும் வழங்கும் 'ஓகே'.

பரீட்சைத் தாளில் எழுத்துத் தமிழையே எழுதுவோம். அதற்காக மூத்தோரின் சொல்லுக்கு நாணி அதை விலக்க வேண்டாம். விலக்கினால், அரபு முதல் சிங்களம் வரை நீளும் உறவொன்றும் அதனோடு நம் வீட்டைவிட்டுப் போய்விடும்.