விதைநெல்லும் கைக்கருவிகளும்

அரிவி வெட்டுக்கு இயந்திரம் வந்தபின், தாக்கத்தியும் சுளகும் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. உணவு நெல்லுக்கு இயந்திரமே வசதியானது. ஆயின், அடுத்த போகத்துக்கு விதை எடுக்கும் கமக்காரர் கைக்கருவிகளைக் கைவிடுதல் நன்றன்று. வயலுக்கு வயல் செல்லும் இயந்திரத்தின் உள்ளே முன்னைய வயலின் நெல் தங்கியிருக்கும். அதனுடன் களைநெல்லும் வந்து சேரின், பல போகங்களுக்கு அதனை ஒழித்தல் அரிது.

விதைக்கென ஒதுக்கிய துண்டில் வேற்றினக் கதிர்களை முதலில் நீக்குக. மணிகளில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை வைக்கோல் நிறம் அடைந்ததும் வெட்டலாம். தாக்கத்தியின் அலகிலுள்ள நுண்ணிய பற்கள் தாளைப் பற்றி அறுப்பதால் பயிர் அதிகம் அசையாது. பல் மழுங்கிய கத்தியோ தாளை இழுக்கச் செய்யும். ஒவ்வோர் இழுப்பிலும் முற்றிய மணிகள், அதாவது விதைக்கு மிகச் சிறந்தவை, நிலத்தில் உதிரும். வெட்டிய வயலில் புறாக்கள் கூடுவதைக் கண்டோர் இவ்விழப்பை அறிவர். ஆகவே வேலைக்கு முன்னரே கொல்லரிடம் பல் வெட்டுவித்துக் கொள்க.

உழவு இயந்திரச் சக்கரத்தின் கீழ் விதைநெல்லை மிதிப்பித்தல் தகாது. உமி வெடித்து முளை பழுதுறும். கதிர்களைப் படங்கின்மேல் வைத்த பலகையில் கையால் அடித்தலே போதும்.

தூற்றுவதில் அவசரம் கூடாது. காற்று ஒரே சீராக வீசும் வேளையில், அதற்குக் குறுக்காகச் சுளகைப் பிடித்து, நெல்லை மெல்லிய ஒழுக்காக விடுக. கனத்த மணி நேரே விழும். பதரும் தூசியும் அப்பால் செல்லும். காற்று உந்தி வீசும்போது கொட்டினால் நல்ல மணியும் பதரோடு போய்விடும். ஆதலின் பதர்க் குவியலில் ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்க்க. உறுதியான மணிகள் தட்டுப்பட்டால் மீண்டும் தூற்றுக. இறுதியாகச் சுளகில் புடைத்துக் கல்லையும் களைவித்துக்களையும் அகற்றுக. பொத்தல் விழுந்த சுளகை இதற்கு எடுக்கலாகாது.

நெல்லைப் படங்கில் பரப்பி, ஈரப்பதன் நூற்றுக்கு 13 அல்லது அதனிலும் குறையும்வரை அடிக்கடி கிளறிக் காயவிடுக. சாக்கைப் புறம் மாற்றி உதறிய பின்னரே நிரப்புக. தையலில் சிக்கிய பழைய மணிகளும் கலப்பை உண்டாக்கும். தாக்கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசி, சுளகை எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுக.