இரத்தத்தைப் பரிசோதிப்பவரின் சம்பளம்

உயர்தரத்தில் உயிரியல் படித்த மகளுக்கு மருத்துவபீடம் சில புள்ளிகளால் தவறிவிட்டால் வீடே மையித்து வீடாகிவிடுகிறது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இருப்பதைப் பலர் அறியார். தலசீமியாவின் அடையாளத்தையும் இரத்தப் புற்றுநோயின் அடையாளத்தையும் பெரும்பாலும் முதலில் காண்பது இவர்களின் கண்தான்.

"சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இவர்கள் நிறைவுகாண் மருத்துவ சேவையினர். அடிப்படைச் சம்பளம் தரத்தையும் சேவைக் காலத்தையும் பொறுத்தது. கொழும்பிலும் பொத்துவிலிலும் ஒன்றுதான். கையில் கிடைப்பதைக் கூட்டிக் குறைப்பது கொடுப்பனவுகளும் மேலதிக நேரமுமே.

மனக்குறையும் அங்கேதான். 2024 ஜனவரியில் வைத்தியர்களின் விசேட கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக்க அமைச்சரவை இணங்கியது. "எங்களுக்கு இல்லையா?" என்று ஏனையோர் கேட்டனர். பெப்ரவரி 1 இல் 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து சும்மா திரும்பிய நோயாளியை நினைத்தால் மனம் நோகிறது. என்றாலும் கேட்டவர்கள் மீதே முழுப்பழியையும் போட எனக்கு மனமில்லை.

தனியார் ஆய்வுகூடத்தில் சம்பளம் பேசிக்கொள்வதுதான். அங்கே ஊழியர் சேமலாப நிதி உண்டு. சவூதிக்குப் போவதானால் அங்குள்ள சுகாதார ஆணைக்குழு சான்றிதழ்களைப் பார்த்துத் தரம் வகுக்கும். பட்டதாரிக்கு ஒரு தரம், டிப்ளோமாக்காரருக்கு அதற்குக் கீழே ஒன்று. சம்பளமும் அதன்படியே அமையும். நான்கு வருடப் படிப்பில் மூன்றாம் வருடத்திலேயே மாப்பிள்ளை பேசி நிறுத்தும் வாப்பாமார் இதையும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளட்டும்.