கரும்புத் தீவுகளில் ஆப்பிரிக்கரும் தமிழரும்

தமிழர் கடல் கடந்த வரலாறு வணிகத்தாலும் படையெடுப்பாலும் மட்டும் ஆனதன்று, உழைப்பாலும் ஆனது. ஆப்பிரிக்காவைச் சார்ந்த ரீயூனியன், மொரிசியஸ் தீவுகளுக்குக் காவிரிக் கழிமுகத்திலிருந்து சென்ற கூலித் தமிழரின் வரலாறு, அங்கு அவர்களுக்கு முன் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஒன்றை விடுத்து மற்றொன்றை அறிய இயலாது.

இரு கரைகள்

காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது திருமலைராயன்பட்டினம். திருமலைராயன் என்னும் ஆட்சியாளரின் பெயரைத் தாங்கிய இவ்வூர், காளமேகப் புலவரின் வரலாற்றிலும் இடம்பெற்றது. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது இவ்வூர்க் கடற்கரையில்தான். 1739இல் காரைக்கால் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. பின்னர்த் திருமலைராயன்பட்டினமும் அவர்களது ஆட்சிப்பரப்பில் சேர்ந்தது.

அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கேயுள்ள இரு தீவுகளும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. ஒன்று பூர்போன், இன்று அது ரீயூனியன் எனப்படுகிறது. மற்றொன்று மொரிசியஸ், 1810இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒரே கொடியின்கீழ் இருந்தமையால் சோழமண்டலக் கரைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கப்பல்கள் இடையறாது சென்று வந்தன.

எரிமலைத் தீவுகள்

இவ்விரண்டும் எரிமலைக் குழம்பு இறுகியதால் உருவானவை. ரீயூனியனின் மிக உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 3,070 மீட்டர் உயரமுடையது. அத்தீவின் மற்றோர் எரிமலை இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது. புயல் மழைக்கும் அங்குக் குறைவில்லை. 1966 சனவரியில் ரீயூனியன் மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது உலகப் பதிவாகும்.

ஐரோப்பியர் வருவதற்கு முன் இத்தீவுகளில் மக்கள் நிலையாக வாழவில்லை. டச்சுக்காரர் 1598இல் மொரிசியஸில் இறங்கினர். பறக்க இயலாத டோடோ பறவை அதன்பின் நூறு ஆண்டுகளுக்குள் அற்றுப்போயிற்று. காடுகள் அழிக்கப்பட்டன. முதலில் காப்பியும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும் அந்நிலத்தை நிறைத்தன. கரும்புக்கு வெட்டவும் சுமக்கவும் ஆலையில் பிழியவும் எண்ணற்ற கைகள் வேண்டியிருந்தன.

சங்கிலியில் வந்தவர்கள்

மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் மக்கள் பிடித்துவரப்பட்டனர். இந்தியக் கரையும் இக்கொடுமைக்குத் தப்பவில்லை. புதுச்சேரியில் ஆட்களை வஞ்சித்துப் பிடித்து அடிமைகளாக விற்ற செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கூறுகிறது. 1723ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் அடிமையை அசையும் சொத்தாகவே கருதியது.

அடங்கிக் கிடக்க மறுத்தவர்கள் மலைகளுக்குத் தப்பினர். ரீயூனியனின் மஃபாத் பள்ளத்தாக்கு அவ்வாறு தப்பிச் சென்றோரின் தலைவர் ஒருவரது பெயரையே தாங்கி நிற்கிறது. மொரிசியஸின் லெ மோர்ன் குன்றும் அத்தகையோருக்குப் புகலிடமாயிற்று. 2008இல் யுனெஸ்கோ அக்குன்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அடிமைகளின் உடலுழைப்பு மட்டுமன்றி, அறிவும் அத்தீவை வளப்படுத்தியது. வெனிலா மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட கொடி. ரீயூனியனில் அதன் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி இல்லை. ஆதலால் கொடி பூத்தும் காய்க்கவில்லை. 1841இல் எட்மோன் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியும் பெருவிரலும் கொண்டு அதனைச் செய்யும் எளிய முறையைக் கண்டான். அம்முறை உலகெங்கும் பரவியது. அல்பியஸோ 1880இல் வறுமையில் மாண்டார்.

விடுதலையும் வெற்றிடமும்

மொரிசியஸில் 1835 பிப்ரவரி 1 அன்றும், ரீயூனியனில் 1848 திசம்பர் 20 அன்றும் அடிமைமுறை ஒழிந்தது. ரீயூனியனில் மட்டும் ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றனர். ஆயினும், இழப்பீட்டுத் தொகை அடிமைகளுக்கு வழங்கப்படவில்லை. 'சொத்தை' இழந்ததாகக் கூறி உரிமையாளர்களுக்கே வழங்கப்பட்டது. விடுதலை பெற்றோரில் பலர் தோட்டங்களை விட்டு நீங்கினர். அவர்கள் கேட்ட நியாயமான கூலியைக் கொடுக்க விரும்பாத முதலாளிகள், குறைந்த கூலிக்கு ஆள் தேடி இந்தியாவை நோக்கினர்.

ரீயூனியனுக்கு இந்தியத் தொழிலாளர்கள் 1828 முதலே சிறு எண்ணிக்கையில் சென்றதுண்டு. 1848க்குப் பின் அது பெருகியது. 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கைகள், ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆள் சேர்க்க வழி திறந்தன. தஞ்சைச் சீமையின் வறியவர்கள் ஆள்சேர்ப்போரின் சொல்லை நம்பிக் காரைக்கால் துறைக்கு வந்தனர். ஒப்பந்தம் பொதுவாக ஐந்தாண்டுக்குரியது. தொழிலாளர் படும் துன்பங்களைக் காரணங்காட்டி 1882இல் ஆங்கில அரசு இப்போக்குவரத்தை நிறுத்தியது. ஏறத்தாழ 1,20,000 இந்தியர் ரீயூனியனுக்குச் சென்றதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் தமிழரே மிகுதி.

ஒப்பந்தக் கூலி அடிமையல்லன். அவனுக்குக் கூலியும் காலவரையறையும் உண்டு. அவன் பிள்ளைகள் பிறரின் உடைமையாகார். ஆனால், நடைமுறையில் அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேற இயலாது. வேலைக்கு வராவிடில் தண்டனை உண்டு. ஆப்பிரிக்கர் விட்டு நீங்கிய குடியிருப்புகளிலேயே தமிழர் பலர் குடியமர்த்தப்பட்டனர். ஒருவரது விடுதலையின் மதிப்பைக் குறைக்கவே மற்றவர் வரவழைக்கப்பட்டனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான உண்மையாகும். முரண்பட வேண்டியவர்களாக ஆக்கப்பட்ட இவ்விரு மக்களும் காலப்போக்கில் அண்டை வீட்டாராயினர், உறவினரும் ஆயினர்.

கலந்த பண்பாடு

ரீயூனியன் மக்கள் பேசும் கிரியோல் மொழியில் குழம்பின் பெயர் 'காரி'. முருங்கைக்கீரை அங்கு 'பிரேத் முருங்' எனப்படுகிறது. 'ருகாய்' என்னும் உணவின் பெயர் ஊறுகாய் என்னும் சொல்லிலிருந்து தோன்றியது என்பர். தமிழ் வழித்தோன்றல்களை அங்கு 'மலபார்' என அழைக்கின்றனர். அவர்கள் பாஞ்சாலியைப் 'பாந்தியாலே' எனப் போற்றித் தீ மிதிக்கின்றனர். தெருக்கூத்தின் சாயலுடைய நாட்டிய நாடகத்தை 'நார்ல்கோன்' என்கின்றனர். நாடகம் என்னும் சொல்லின் திரிபே அது.

அடிமைகள் வளர்த்த மலோயா இசை, தோட்டத் துயரத்தைப் பாடியது. அவ்விசைக்குரிய 'கயம்ப்' என்னும் கருவி கரும்புப் பூத்தண்டுகளால் செய்யப்படுவது. உள்ளே இட்ட விதைகள் குலுங்கி ஒலிக்கும். உழைப்பவனை வருத்திய பயிரே அவனது இசைக்கருவியாகவும் ஆனது. தோட்டத்தில் உடன் உழைத்த இந்திய வழியினரும் இவ்விசையில் பங்கு கொண்டனர். 2009இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

ஒரே நாட்காட்டி

இன்று மொரிசியஸ் பணத்தாள்களில் தமிழெழுத்து இடம்பெறுகிறது. தைப்பூசக் காவடி அங்குப் பொது விடுமுறை. இவற்றை எண்ணித் தமிழர் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால், அந்நாட்டின் நாட்காட்டியில் வேறு இரு நாள்களும் உள்ளன. பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள்; நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாள். தொழிலாளர்கள் வந்திறங்கிய போர்ட் லூயிஸ் துறையின் ஆப்ரவாசி காட் 2006இலும், லெ மோர்ன் குன்று அதற்கு ஈராண்டுகள் கழித்தும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. முதல் நாளின்றி இரண்டாம் நாள் நேர்ந்திராது என்பதை அந்நாடு தன் நாட்காட்டியிலேயே எழுதி வைத்துள்ளது. காவிரிக் கழிமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் வரலாற்றைப் படிப்போரும் அவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.