இறால் பண்ணைக்குக் கிடைத்த நட்டஈடு

1987 ஜனவரி 28. மட்டக்களப்பு, மகிழடித்தீவு இறால் பண்ணை. விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையின்போது பண்ணை நாசமானது. ஊழியர்கள் 20 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இது எல்லோருக்கும் தெரியும். அதே சம்பவம் வொஷிங்டன் வரை வழக்காகப் போனது பலருக்குத் தெரியாது.

பண்ணைக் கம்பனியில் ஹொங்கொங் நிறுவனமொன்றுக்கு 48 வீதப் பங்கு இருந்தது. ஹொங்கொங் அப்போது பிரித்தானியாவின் கையில். இலங்கையும் பிரித்தானியாவும் 1980இல் செய்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் அங்கும் செல்லுபடியானது. அதை வைத்து அந்த நிறுவனம் உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையத்தில் இலங்கை அரசுமேல் வழக்குப் போட்டது. இருநாட்டு ஒப்பந்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு கம்பனி அந்த மையத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. கேட்டது ஏறத்தாழ 80 இலட்சம் டொலர். 1990இல் கிடைத்தது 4,60,000 டொலரும் வட்டியும். பண்ணையை அழித்தது படையினர்தான் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்குரிய ஊழியர்களை விலக்கச் சொல்லி அரசு பண்ணை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாமே, அந்த அளவு கவனம்கூட எடுக்கவில்லை என்றது நடுவர் மன்றம்.

செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. வழக்குப் போடும் உரிமை முதலீட்டாளருக்கு மட்டும்தான். ஏட்டில் இரு நாட்டுக்கும் சமஉரிமை என்பார்கள். லண்டனில் நமக்கு எத்தனை இறால் பண்ணை?

நம் நீதிமன்றம் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. 2008இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெய் விலை தொடர்பாக டொய்ச்ச வங்கியோடு ஓர் உடன்பாடு செய்தது. விலை சரிந்ததும் நட்டம் நம் பக்கம். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கொடுப்பனவை இடைநிறுத்தியது, மத்திய வங்கியும் தடுத்தது. டொய்ச்ச வங்கி, ஜேர்மனியோடு இலங்கை செய்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடி, 2012இல் ஏறத்தாழ 6 கோடி டொலருக்குத் தீர்ப்பு வாங்கியது.

இதில் நம் அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையையும் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு பாராளுமன்றம் ஏற்ற முதலீட்டு ஒப்பந்தத்துக்குச் சட்ட வலு உண்டு. தேசிய பாதுகாப்புக்காக அன்றி, அதற்கு மாறாகச் சட்டமும் இயற்ற முடியாது, நிர்வாக நடவடிக்கையும் எடுக்க முடியாது. ஆகவே கேட்பதையெல்லாம் ஒப்பமிடுமுன் கேட்க வேண்டும்: சுகாதாரம், சுற்றாடல், வரி பற்றிய சட்டங்களுக்கு விலக்கு உண்டா? முதலில் உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? (இந்தியா தன் 2015 மாதிரி ஒப்பந்தத்தில் அதற்கு ஐந்தாண்டு வைத்தது.) ஒப்பந்தத்தை முறித்த பிறகும் பழைய முதலீடுகளுக்கு எத்தனை வருடம் பாதுகாப்பு?

கேட்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கை பற்றிய தகவல் முன்கூட்டியே வெளிவந்தால் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு என்று மறுக்க அதில் இடமுண்டு. பொதுநலன் அந்தப் பாதிப்பைவிடப் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்ய 14 நாள்தான். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.