உங்களுக்குத் தெரியுமா? தாய்ப்பாலும் தாயின் எலும்பும்

சென்னை பேசின் பிரிட்ஜ் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரசவத்துக்குச் செல்லும், ராஜா சர் ராமசாமி முதலியார் பெயர் தாங்கிய ராயபுரம் மருத்துவமனை போன்ற இடங்களில், இரும்புச்சத்து மாத்திரையோடு கால்சியம் மாத்திரையும் கொடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

கர்ப்பத்திலுள்ள சிசு சுமார் 30 கிராம் கால்சியத்தை, பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில், தாயிடமிருந்து பெறுகிறது. அதற்கு ஈடாகத் தாயின் குடல் உணவிலிருந்து ஏறக்குறைய இருமடங்கு கால்சியத்தைக் கிரகிக்கிறது. பாலூட்டும் காலத்திலோ, நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் பாலில் சென்றுகொண்டிருக்க, மார்பகமே சுரக்கும் ஒரு ஹார்மோன் எலும்பைக் கரைத்து அதை வழங்க, ஆறு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு குறைந்து, பால் மறக்கடித்தபின் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. சரீரத்தின் விசித்திரமான வரவுசெலவுதான்!

அபூர்வமாகச் சிலருக்கு முள்ளெலும்பே நசுங்கிவிடுவதுண்டு; 1955-இல் நார்டின், ரோப்பர் என்போர் இவ்வியாதியை விவரித்தனர். ஆகவே, ‘பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் வலிக்கும்’ என்று வீட்டார் தைலம் தேய்த்து அலட்சியம் செய்யும் முதுகுவலி, கடுமையாக நீடித்தாலோ உயரம் குறைந்தாலோ, வைத்தியரிடம் காட்டுவதே உசிதம்.

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கர்ப்பத்தின் 14-ஆம் வாரம் முதல் பிரசவத்துக்குப்பின் ஆறு மாதம்வரை, 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையைத் தினம் இருவேளை உணவோடு உட்கொள்ளச் சொல்கிறது. இரும்பு மாத்திரையை அதனுடன் சேர்த்து விழுங்கலாகாது, இரண்டு மணி நேரமாவது தள்ளியே சாப்பிட வேண்டும். காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு குழம்பு வைப்பதும், கேழ்வரகுக் கூழும் கூடுதல் அனுகூலம்.